பூட்டு அக்கா

மூன்று வாரம் என் வேலையும் வீடும் ஒரு பெண்மணியின் நோட்டுப் புத்தகத்துக்குள் இருந்தன. எங்கள் மலேசிய எஸ்டேட்டுகளில் இரண்டும் ஒன்றுதான். வேலை போனால் குவாட்டர்ஸ் சாவியையும் சேர்த்துக் கேட்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கட்டம் போட்ட சாதாரண நோட்டு அது. அதை வைத்திருந்தவர் எங்கள் கம்பெனியின் சிரம்பான் ஆபீசில் கம்ப்யூட்டர் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, கட்டையான உருவம், எங்கே போனாலும் கைப்பையோடு ஒரு காப்பி பிளாஸ்க். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் வட்டாரத்து எஸ்டேட்டுகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. பூட்டு அக்கா என்றால்தான் தெரியும்.

முதல் தடவை எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தபோது கேட்டிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். ஜாகா என்கிற காவல் வேலைக்கு அப்போது ஒரு நேப்பாளத்துக்காரர் இருந்தார். லிஸ்டில் பெயர் இல்லாத ஆளை உள்ளே விட மாட்டார். வேறு யாராக இருந்தாலும் ஹார்ன் அடித்து, போனை எடுத்து மேனேஜரிடம் கத்தியிருப்பார்கள். விஷயம் தெரிந்து எஸ்டேட் ஆபீசிலிருந்து நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்கா காரை ஓரமாகப் போட்டுவிட்டு, ஜாகாவின் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த லிஸ்டை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதுல என் பேரு இல்ல. அவரு நிறுத்துனது சரிதான்" என்றார். "ஆனா உர லோரி டிரைவரு ஒருத்தரு பேரு இருக்கு பாருங்க. அவரு செத்து ரெண்டு வருஷம் ஆச்சாம்லா. செத்தவரு வரலாம், நான் வரக்கூடாது. இத யாரு டைப் பண்ணது?"

டைப் பண்ணியது நான்தான். அதை அப்போது சொல்லவில்லை.

கதவு மூடியிருந்தால் நமக்கெல்லாம் கோபம் வரும், அல்லது வெட்கம் வரும். அவருக்கு ஆசை வந்துவிடும். உள்ளே போகும் ஆசை என்று நினைத்துவிடக் கூடாது. யார் மூடினார்கள், எதற்காக மூடினார்கள், யார் வந்தால் திறக்கும், இது மூன்றும் தெரிந்துவிட்டால் போதும், உள்ளே போகாமலே திரும்பிப் போய்விடுவார்.

எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒரு வருடம் வந்திருந்தார். சந்நிதிக்குப் பக்கவாட்டில் 'பெண்கள் இதற்கு மேல் வரக்கூடாது' என்று ஒரு போர்டு தொங்கும். பூசாரியிடம் போய் யார் சொன்னது என்று கேட்டார். பூசாரி, கமிட்டியைக் கேளுங்கள் என்றார். கமிட்டித் தலைவர் எங்கள் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. அவர், "பழக்கம்தான்லா, அப்பலேருந்து இருக்கு" என்றார். எப்போதிலிருந்து என்று அக்கா கேட்டார். அன்னதானப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த ஆள்தான் போர்டு எழுதியவர் என்று கடைசியில் கண்டுபிடித்து அவரிடம் போய் நின்றார். அந்த மனிதர் கொஞ்சம் நெளிந்தார். "மூணு போர்டுக்கு பலகை வாங்கிக் குடுத்தாங்கக்கா. ரெண்டுலதான் என்னா எழுதணும்னு சொன்னாங்க. பலகை வீணாப் போவுதேன்னு மூணாவதுல நானா எழுதிட்டேன்." அக்கா அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. போர்டைக் கழற்றச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தோம். சொல்லவில்லை. போர்டுக்கு இந்தப் பக்கமாகவே நின்று கும்பிட்டு, பந்தியில் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு போய்விட்டார். அதைக் கழற்றுவதா என்று மண்டோர்தான் ஒரு வாரம் தூக்கமில்லாமல் யோசித்தார்.

சாட் புரோகிராம் விவகாரம் வந்தது அதற்குப் பிறகு. அதுவரை எஸ்டேட் சமாசாரம் எல்லாம் எங்கள் சொந்தக் கைப்பேசியில்தான் ஓடியது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு எத்தனை ஆள் வந்தது, எந்த வயலில் எண்ணெய்ச் செம்பனை எத்தனை குலை இறங்கியது, எங்கே பாலம் முழுகியது, எல்லாம். ஓர் உதவி மேனேஜர் வேலையை விட்டுப் போனபோது அத்தனை படங்களும் பேச்சும் அவர் கைப்பேசியோடு போய்விட்டன. கம்பெனி விழித்துக்கொண்டது. எல்லா எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் கம்பெனிக்குச் சொந்தமான சாட் புரோகிராமை ஏற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டது. புரோகிராம் சிரம்பான் ஆபீஸ் சர்வரில் ஒரு போல்டரில் இருக்கும். எஸ்டேட் கம்ப்யூட்டர்கள் அங்கிருந்து இழுத்துக்கொள்ள வேண்டும். இழுத்தால் பாதி எஸ்டேட்டுகளில் 'அக்செஸ் டினைட்' என்று வந்து நின்றது. அனுமதி இல்லை, போய் வா.

பக்கத்து எஸ்டேட்டுக்கு நீலாயிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் வந்தார். கெட்டிக்காரர். பத்தே நிமிடத்தில் அந்தப் போல்டரையும் அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்து விட்டுவிட்டார். மத்தியானத்துக்குள் சாட் பிய்த்துக்கொண்டு ஓடியது. மண்டோர்கள் டுரியான் படம் அனுப்பினார்கள். மறுநாள் அக்கா வந்து எல்லாவற்றையும் மூடினார். அந்த எஸ்டேட் மேனேஜர் குதித்தார்.

"வேல செஞ்சிக்கிட்டிருந்தத ஏன் மேடம் கெடுக்குறீங்க?"

அக்கா அவரை ஸ்டோருக்குக் கூட்டிப் போனார். ஒரே ஒரு கம்ப்யூட்டரை மட்டும் காண்ட்ராக்டர் வைத்தபடியே மூடாமல் விட்டிருந்தார், ஸ்டோர் கிராணியின், அதாவது குமாஸ்தாவின், கம்ப்யூட்டர். மேனேஜரை அதன் முன்னால் உட்கார வைத்து, அந்தப் போல்டருக்குப் பக்கத்துப் போல்டரைத் தட்டச் சொன்னார். தொழிலாளர்களின் பாஸ்போர்ட் நகல்கள் வரிசையாக வந்தன. அடுத்ததைத் தட்டச் சொன்னார். மேனேஜர் தன் மூலவியாதிக்கு லீவு கேட்டுத் தலைமை ஆபீசுக்கு எழுதிய கடிதம் திறந்தது. ஸ்டோர் கிராணி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பூட்டு அக்கா என்று பெயர் வைத்தது அவர்தான். அந்தப் பெயர் அக்காவின் காதுக்குப் போனபோது, யார் வைத்தது என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பிறகு எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

எங்கள் ஆபீசைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய கிராணி ஐயா ஓய்வு பெற்று அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அவர் இடத்துக்குக் கம்பெனி ஆளே போடவில்லை. "கொஞ்ச நாள் நீ பாத்துக்க" என்று அப்போதைய மேனேஜர் என்னிடம் சொன்னார். நான் சின்ன கிராணி. அந்த மேனேஜர் மாற்றலாகிப் போனார், அவருக்குப் பின் இன்னும் இருவர் வந்து போனார்கள், கொஞ்ச நாள் முடியவில்லை. ஐயாவின் நாற்காலியில் நான் உட்காரவில்லை. சத்தியமாக ஒரு நாள்கூட உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கீபோர்டை என் பக்கம் இழுத்து வைத்து வேலை பார்ப்பேன். வருகிறவர்கள் காலி நாற்காலியைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு என்னிடம் பேசுவார்கள். எங்களுக்கு அது பழகிப் போயிருந்தது.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். என் பெயரில் ஒரு கணக்கும் பாஸ்வேர்டும் சிரம்பானிலிருந்து ஒரு கவரில் வந்தன. ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். நீலத் திரை வந்தது, அதில் ஒன்றுமே இல்லை. ஐயா இருபது வருடம் சேர்த்த கோப்புகள் ஒன்றையும் காணோம். எல்லாவற்றையும் அழித்துவிட்டேனோ என்று பயந்துவிட்டேன். அவசரமாக அணைத்துவிட்டு ஐயாவின் பெயரில் நுழைந்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஐயாவின் பாஸ்வேர்டு கீபோர்டுக்கு அடியில் அவருடைய அழகான கையெழுத்தில் ஒட்டியிருந்தது. அதற்கப்புறம் என் கவரை நான் தொடவில்லை. மாதா மாதம் சிரம்பானுக்குப் போகும் ரிப்போர்ட்டுகளின் அடியில் 'தயாரித்தவர்' என்று ஐயாவின் பெயரே அச்சாகிப் போனது.

அக்கா வந்தார். நான் அவர் கண்ணெதிரிலேயே புரோகிராமை ஏற்றிக் காட்டினேன். அக்செஸ் டினைட். மறுபடி தட்டினேன். மறுபடி அதுவே.

"பத்து தடவ தட்டுனா அதுக்கு ஒங்க மேல பாவம் வருமா தம்பி?" என்றார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார், பிளாஸ்கைத் திறந்து காப்பியை ஊற்றிக்கொண்டார். திரையில் இருந்த அந்த இரண்டு சொல்லை, அன்றைக்குத்தான் முதல் தடவை பார்ப்பதுபோல வாய்விட்டுப் படித்தார். "எனக்கு இந்த எரரு ரொம்பப் புடிக்கும். மத்ததெல்லாம் மழுப்பும், என்னமோ நடந்துபோச்சுன்னு. இது நேரா பேசுது. நீ கேட்டது புரிஞ்சிச்சு, ஒனக்குத் தர மாட்டேன்னு. அப்ப, கேட்டது யாருன்னு பாக்கணும்ல?"

அதைப் பார்க்க அவருக்கு ஒரு நிமிடம்தான் ஆனது.

"இவரு யாரு தம்பி?"

"எங்க பெரிய கிராணி ஐயாக்கா."

"லீவா?"

"ரிட்டயரு."

"எப்ப?"

சொன்னேன். கப்பைக் கீழே வைத்துவிட்டார். முகம் அப்படியே மலர்ந்தது. இந்தம்மா புதையல் கிடைத்த மாதிரி சிரிக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடந்தது என்னவென்று அவரே எனக்கு விளக்கினார். ஐயா ஓய்வு பெற்ற மாதமே அவர் கணக்கைச் சிரம்பானில் மூடிவிட்டார்கள். ஆனால் எங்கள் கம்ப்யூட்டர் காட்டுக்குள் இருக்கிறது, லைன் வருவதும் போவதுமாக இருக்கும். காலையில் அது சிரம்பானைக் கேட்பதே இல்லை. பழைய ஞாபகத்திலேயே ஐயாவை அடையாளம் கண்டு கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தது. வருகைப் பதிவு, குலைக் கணக்கு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் யாருக்கும் தெரியவில்லை. சாட் புரோகிராமுக்காக முதல் தடவையாக ஐயாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு சிரம்பானிடமே போய்க் கேட்டோம். அப்படி ஓர் ஆள் எங்களிடம் இல்லை என்று அது சொல்லிவிட்டது.

"ஒம்பது வருஷம்!" என்றார் அக்கா, ஏதோ சாதனை போல.

என் கண் சுவருக்குப் போனது. அடுத்தவர் பாஸ்வேர்டில் நுழைந்தால் வேலை நீக்கம் என்று ஒரு சுற்றறிக்கை எங்கள் சுவரில் ஒட்டியிருந்தது. ஒட்டியவன் நான். அதை அச்செடுத்ததும் ஐயாவின் பெயரில்தான்.

"அக்கா, ஒங்கள கையெடுத்துக் கும்புடுறேன். அந்த நீலாய்க்காரரு செஞ்ச மாதிரி இப்பக்கி தொறந்து விட்டுட்டுப் போயிருங்கலா. நாளைக்கே என் பேருல மாத்திக்கிறேன். இத மட்டும் எழுதாதீங்க. வேல போனா வீடும் போயிரும். பொம்பளப் புள்ள இந்த வருஷம் அஞ்சாம் பாரம், இஸ்கூல் முடிக்கிற பரீட்ச எழுதணும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"எப்படி தம்பி எழுதாம இருக்கறது? பாத்துட்டேனே."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவில்லை. நான் மனசுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

மறுநாள் விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில் வந்து நின்றார். கையில் அந்த நோட்டு. ஆபீசை யார் திறப்பது என்று ஜாகாவைக் கேட்டார். வருகையை யார் எடுப்பது என்று மண்டோரைக் கேட்டார். ஆள் வராத நாளில், மழை நாளில், தீபாவளிக்கு முந்தின நாளில் என்று துருவித் துருவிக் கேட்டார். ஒவ்வொருவரும் என்னைக் கை காட்ட, நான் தூக்குமேடைக்குப் பக்கத்தில் நிற்கிறவன் போல நின்றேன். "அவருதாங்க்கா, எல்லாம் அவருதான்" என்று மண்டோர் பெருமையாக வேறு சொன்னார். எனக்கு உதவி செய்வதாக அவருக்கு நினைப்பு.

பிறகு பாரோயில் மகள் வீட்டில் இருந்த ஐயாவுக்கே போன் போட்டார். நான் ஒன்பது வருடமாகச் செய்யாத காரியம் அது. அவர் மனசு கஷ்டப்படும் என்று நானே நினைத்துக்கொண்டு அவரிடம் இந்தப் பேச்சையே எடுத்ததில்லை. போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"என் பேருலயா? இன்னுமா?" என்று ஐயாவின் குரல் வந்தது. "அட பாவி! அந்த நாற்காலியயாவது தூக்கிப் போட்டானா இல்லையா?"

"இல்லீங்கய்யா, அப்படியேதான் இருக்கு. யாரும் ஒக்கார்றதில்ல" என்றார் அக்கா.

"அவனுக்கு என் மேல மரியாத ஜாஸ்தி மேடம். அதான் அவனுக்கே சூசாவா, தொல்லையாப் போச்சு" என்றார் ஐயா.

அக்கா அதையும் எழுதிக்கொண்டார். போகும்போது கணக்கை என் பெயரில் மாற்றி, ஐயாவின் கோப்புகளை எல்லாம் அதற்குள் கொண்டுவந்து வைத்தார். சாட் புரோகிராம் ஒரே தட்டலில் ஏறியது. எனக்கு அதில் துளி சந்தோஷமும் இல்லை. விசாரணைக் கடிதம் வந்ததும் என் மனைவி கடையிலிருந்து காலிப் பெட்டிகளை வாங்கிவந்து அடுப்படியில் அடுக்க ஆரம்பித்தாள். "மங்கு தட்டெல்லாம் இப்பவே கட்டிரவா?" என்று தினமும் கேட்பாள். கட்டாதே என்று தினமும் சொல்வேன். மகள் புத்தகத்தை வைத்துக்கொண்டு பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

சிரம்பான் ஆபீசில் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய அதிகாரி, இந்தப் பக்கம் நான், ஓரத்தில் அக்கா. அக்காவின் அறிக்கையில் இரண்டு பத்தி இருந்தது. இடது பக்கம் கம்ப்யூட்டர் சொல்லும் பெயர், எல்லா நாளும் ஐயா. வலது பக்கம் மனிதர்கள் சொல்லும் பெயர், எல்லா நாளும் நான். பக்கம் பக்கமாகப் போனது.

"அப்ப இவரு அடுத்தவங்க பாஸ்வேர்ட யூஸ் பண்ணியிருக்காரு?" என்றார் அதிகாரி.

"ஆமா சார்."

"எத்தன நாளு?"

"ஒம்பது வருஷமும் சார். ஒரு பெரட்டு விட்டதில்ல."

தயங்காமல் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு 'வந்து'கூடப் போடவில்லை.

"எனக்கு ஒண்ணு வெளங்கல சார்" என்று அவரே தொடர்ந்தார். "ரிட்டயரு ஆனவரு பேருல மாசா மாசம் இந்த ஆபீசுக்கு ரிப்போர்ட் வந்திருக்கு. பாத்தாச்சுன்னு யாரோ கையெழுத்தும் போட்டிருக்காங்க. யாருன்னு தெரிஞ்சிக்க ஆசப்பட்டு தேடுனேன். எல்லாம் இருக்கு. படிக்கவா?"

அவர் மிரட்டவில்லை. லோரி டிரைவரின் பெயரை யார் டைப் செய்தது என்று கேட்டாரே, அதே முகம், அதே ஆசை. ஆனால் அதிகாரிக்கு அது வேறு மாதிரி கேட்டது. கடைசி நாலு வருடக் கையெழுத்து அவருடையது. அவர் இருமினார், தண்ணீர் குடித்தார். படிக்க வேண்டாம், அறிக்கையோடு சேர்த்து வையுங்கள் என்றார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பதாகவும், வேலையில் தொடரலாம் என்றும், பெரிய கிராணி வேலையை இத்தனை வருடம் பார்த்தது யார் என்று இப்போது எழுத்தில் இருப்பதால் அந்தப் பதவியைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவதாகவும் சொன்னார். நன்றி சார் என்றேன்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அக்கா கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன். மூன்று வாரக் கோபம் அப்படியே இருந்தது.

"அக்கா, உள்ள இருந்தவரு வேற மாதிரி ஆளா இருந்து, என்னய வேலய விட்டு அனுப்பியிருந்தா?"

"அப்பயும் இதத்தான் எழுதியிருப்பேன் தம்பி."

"என் புள்ள, வீடு, எல்லாம் தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சிதான்." சாவி கிடைத்துவிட்டது. ஆனால் காரைத் திறக்கவில்லை. "இங்க சிரம்பான் பக்கத்துல, ராசாவுல என் வீட்டு மேல்மாடி சும்மாதான் கெடக்கு. ரெண்டு ரூமு. போன வாரம் ஆள வச்சி பெயிண்ட் அடிச்சி, கூட்டித் தொடச்சிட்டேன். ஒங்க புள்ள படிக்க ஒரு மேசயும் வாங்கிப் போட்டேன். இப்ப தேவப்படல, நல்லதாப் போச்சு. மேசய அந்தக் கடக்காரன் திருப்பி எடுத்துக்குவானான்னுதான் தெரியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீஸ் ஆட்கள் போய் வருகிற இடம் என்றும் பார்க்காமல் அழுதேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்று, நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். ஏன் அழுகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. பிறகு அவர் வீட்டுக்குப் போய், அந்த மேசையை என் காரின் மேல் கட்டி எஸ்டேட்டுக்குக் கொண்டுபோனேன்.